வீட்டு விற்பனையும் தரகுக் கூலியும்: குறைந்த செலவு மாற்று வழிகள் பற்றிய ஒரு நோக்கு

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு விற்பனை முயற்சி இடம்பெறுகின்றது. கோவலனிடம் பெருவிலையுடைய பொருள் ஒன்று உண்டு. ஆனால் மதுரை மாநகரில் அவன் அந்நியன். அச்சிலம்பை வாங்கும் வசதியுடையோர் யாவர், அவர்களை அணுகும் வழி யாது என்பன அவனுக்குத் தெரியா. அரண்மனைக்கு வழி தெரிந்த பொற்கொல்லனிடம் அவன் தன்னை ஒப்படைக்கின்றான். அதன் பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். ஊழ்வினை, அரச நீதி, கற்பு எனப் பல கோணங்களில் ஆராயப்பட்டுள்ள இப்பகுதியைச் சந்தை உறவு என்ற கோணத்திலிருந்தும் நோக்கலாம். பொருளை உடையவனுக்கும் அதனை வாங்கக்கூடியவனுக்கும் இடையிலுள்ள அறிவு எவர் கையில் இருக்கின்றதோ, விற்பனையின் போக்கும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும்.

தரகர் யாவரும் அப்பொற்கொல்லனைப் போன்றவர் என்பது எமது கருத்தன்று. தரகர் எதனை விற்று வாழ்கின்றார் என்பதே இங்கு எழும் வினா. அவர் விற்பது தம் உழைப்பையா, அன்றி வாங்குவோரையும் விற்போரையும் பற்றிய அறிவின் மீது அவருக்குள்ள தனியுரிமையையா? இவ்வினாவுக்கு விடை கண்டாலன்றி, தரகரின்றியோ குறைந்த தரகுடனோ வீடு விற்பதற்கான வழிகளுள் எது மெய்யாகவே செலவைக் குறைப்பது, எது அவ்வாறு தோற்றமளிப்பது என்று பிரித்தறிதல் இயலாது. தரகு முறை மிக வளர்ச்சியுற்ற வடிவிலும், அதற்கான மாற்று வழிகள் மிகப் பலவாகவும் காணப்படுவது ஐக்கிய அமெரிக்காவிலாதலால், இக்கட்டுரை அந்நாட்டையே முதன்மை உதாரணமாகக் கொள்கின்றது. இறுதிப் பகுதியில் எமது சூழலுக்குப் பொருந்தக்கூடிய சில கருத்துகள் கூறப்படும்.

1. விலையின் ஆறு வீதம் என்பதன் பொருள்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு விற்பனைக்கான தரகு நெடுங்காலமாக விற்பனை விலையில் நூற்றுக்கு 5 முதல் 6 வீதம் வரை இருந்து வந்துள்ளது. விற்பவரே இதனைச் செலுத்துவார். விற்பவரின் தரகரும் வாங்குபவரின் தரகரும் அதனை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வர். ஆறு வீதம் என்பது சிறு தொகையாகவே தோன்றும். ஆனால் அது எதிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும்.

ஊதியத்தை நம்பி வாழும் ஒரு குடும்பம் தனது வீட்டை 400,000 டொலருக்கு விற்கின்றது எனக் கொள்வோம். வங்கிக் கடனில் 300,000 டொலர் இன்னும் செலுத்தப்பட வேண்டியுள்ளது. அக்குடும்பத்துக்கு உண்மையில் உரியது 100,000 டொலரே. தரகோ முழு விலையின் மீது கணிக்கப்படுகின்றது. அது 24,000 டொலர். அதாவது, ஆண்டாண்டுகளாக ஊதியத்திலிருந்து மிச்சம் பிடித்துச் சேர்த்த சேமிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தரகாகச் செல்கின்றது. கடனின்றிப் பல வீடுகளை உடையவருக்கு ஆறு வீதம் ஆறு வீதமே. கடனுடன் ஒரே வீட்டை உடையவருக்கு அது இருபத்துநான்கு வீதமாகின்றது. தரகு வீதம் யாவர்க்கும் ஒன்றே, சுமை ஒன்றன்று. குறைந்த செலவு மாற்று வழிகள் பற்றிய ஆராய்ச்சி வெறும் சிக்கன ஆலோசனையாக அமையாது, வர்க்கப் பரிமாணமுடையதாக அமைவது இதனாலேயே.

2. தரகரின் உழைப்பும் பட்டியலின் உடைமையும்

தரகரின் பணியைப் பகுத்து நோக்குமிடத்து நான்கு கூறுகள் தென்படும். வீட்டின் விலையை மதிப்பிடல், விற்பனைச் செய்தியைப் பரப்பல், வருவோருக்கு வீட்டைக் காட்டிப் பேரம் பேசல், உடன்படிக்கை முதல் உரிமை மாற்றம் வரையுள்ள கருமங்களை ஒழுங்குசெய்தல் என்பனவே அவை. இவை தேவையற்ற உழைப்பென்று கூறவியலாது. மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் இரண்டாம் தொகுதியிற் சுற்றோட்டச் செலவுகளை ஆராயும்பொழுது, வாங்கல் விற்றலில் ஈடுபடும் உழைப்பு பண்டத்தின் பெறுமதியைக் கூட்டுவதில்லை எனினும், பண்ட உற்பத்தி நிலவும் சமூகத்தில் அது தவிர்க்கவியலாதது என்பதை விளக்குகின்றார். இடையாளர் ஒருவர் அவ்வுழைப்பைத் தம் தொழிலாகக் கொள்வதால் அதன் தன்மை மாறுவதில்லை. பலர் தனித்தனியே செலவிடும் காலம் ஒருவரிடம் குவிவதாற் சமூகத்துக்கு ஓரளவு மிச்சம் ஏற்படலாம்.

ஆயின் 800,000 டொலர் வீட்டை விற்பதற்கு 400,000 டொலர் வீட்டை விற்பதிலும் இருமடங்கு உழைப்புத் தேவைப்படுவதில்லை. எனினும் தரகு இருமடங்காகின்றது. எனவே தரகு உழைப்பின் விலை மட்டுமன்று. அதில் ஒரு பகுதி, வாயிலிற் பெறப்படும் சுங்கமாகும். அவ்வாயில் தரகர்களின் கூட்டுப் பட்டியலாகும்.

எம்.எல்.எஸ். என்ற எழுத்துகளால் வழங்கும் இக்கூட்டுப் பட்டியல், ஒரு வட்டாரத்தில் விற்பனைக்குள்ள வீடுகளைத் தரகர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இன்று தேசிய வீட்டுமனைத் தரகர் சங்கம் எனத்தக்க அமைப்பு 1908ஆம் ஆண்டு சிக்காகோவில் தொடங்கப்பட்டது. அக்கால முதல் தரகர் சபைகள் வலுப்பெற்றன. சபைகள் தரகு வீதத்தை வெளிப்படையாக நிர்ணயிப்பது சட்டவிரோதமென 1950ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வீதம் பெருமளவில் மாறவில்லை. நிர்ணயம் மறைந்தாலும் பட்டியலின் உடைமை மாறாமையே இதற்குக் காரணம் எனலாம். அண்மைக்காலம் வரை, பட்டியலில் ஒரு வீட்டைச் சேர்ப்பதாயின் வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு தரப்படும் என்று முன்கூட்டியே குறிப்பிடுதல் வேண்டும் என்ற விதி இருந்தது. குறைவாகக் குறிப்பிட்டவரின் வீட்டுக்கு ஏனைய தரகர்கள் வாங்குவோரை அழைத்து வரத் தயங்கினர். பொஸ்ரன் பெருநகரப் பகுதி பற்றி 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, குறைந்த தரகு குறிப்பிடப்பட்ட வீடுகள் விற்பனையாகும் வாய்ப்புக் குறைவு என்பதையும், விற்பனைக்குக் கூடிய காலம் எடுத்தது என்பதையும் காட்டியது.

தரகரின் நலனும் விற்பவரின் நலனும் ஒன்றே என்ற கூற்றும் ஆராயத்தக்கது. விற்பவரின் தரகருக்கு 3 வீதம் கிடைத்து, அதிற் பாதி அவரது நிறுவனத்துக்குச் செல்லுமாயின் அவர் கையிற் கிடைப்பது ஒன்றரை வீதம். இன்னும் இரு வாரங்கள் காத்திருந்தால் 10,000 டொலர் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், விற்பவருக்கு 9,400 டொலர் இலாபம். தரகருக்கு 150 டொலரே. காத்திருக்க அவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? லெவிற், சிவர்சன் ஆகிய பொருளியலாளர்கள் சிக்காகோப் பகுதியின் ஏறத்தாழ ஒரு லட்சம் விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை, தரகர்கள் தமது சொந்த வீடுகளை விற்கையில் சராசரி ஒன்பதரை நாள்கள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 வீதம் அளவில் கூடிய விலை பெற்றனர் என்று கண்டது.

இத்தகைய தரகினால் தனித் தரகர் யாவரும் செல்வராயினர் என்று கருதுதலும் தவறு. ஷீ, மொரெற்றி ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வீட்டு விலை உயர்ந்த நகரங்களிற் தரகு தொகையளவில் உயர, மேலும் பலர் அத்தொழிலில் நுழைகின்றனர். ஒவ்வொருவரும் விற்கும் வீடுகளின் தொகை குறைகின்றது. தனித் தரகரின் வருமானம் ஏறத்தாழ முன்னிருந்த நிலையிலேயே நிற்கின்றது. விற்பவர் கூடுதலாகச் செலுத்துகின்றார். தரகர் கூடுதலாகப் பெறுவதில்லை. இடையிலுள்ளது வாடிக்கையாளரைத் தேடியலையும் வீண் உழைப்பாகக் கரைகின்றது. ஆகவே குறை தனிமனிதரிடத்தன்று, அமைப்பிலேயே உள்ளது.

3. மாற்று வழிகள்

மேற்கூறிய நான்கு பணிகளையும் ஒரே பொதியாக, விலையின் ஒரு வீதமாக விற்பதே மரபுவழித் தரகு. மாற்று வழிகள் யாவும் இப்பொதியை வெவ்வேறு வகையிற் பிரிப்பனவே.

முதலாவது, பேரம் பேசல். தரகு வீதம் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டதன்று. மூவரிடம் விசாரித்து, என்னென்ன பணிகளுக்கு எவ்வளவு என எழுத்திற் பெற்று, குறைத்துக் கேட்கும் உரிமை விற்பவருக்கு உண்டு. மிக எளிய இவ்வழியே மிகக் குறைவாகக் கையாளப்படுவது, வழக்கம் சட்டம்போல் தோற்றமளிப்பதன் விளைவாகும்.

இரண்டாவது, நிலையான கட்டணத்துக்குப் பட்டியலிடல். உரிமம் பெற்ற ஒரு தரகர் சில நூறு டொலருக்கு வீட்டைக் கூட்டுப் பட்டியலில் மட்டும் சேர்த்துக் கொடுப்பார். ஏனைய பணிகள் விற்பவருடையன. எமது உதாரணத்தில் 500 டொலர் கட்டணமும், வாங்குபவரின் தரகருக்கு இரண்டரை வீதமாக 10,000 டொலரும் கொடுத்தாலும் மொத்தச் செலவு 10,500 டொலரே. மிச்சம் 13,500 டொலர். பட்டியலுக்கான சுங்கம் எத்துணை, உழைப்புக்கான கூலி எத்துணை என்பதை இவ்வழி தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றது.

மூன்றாவது, குறைந்த வீதத்தில் முழுச் சேவை வழங்கும் நிறுவனங்கள். 2004ஆம் ஆண்டு சியற்றில் நகரில் தொடங்கப்பட்ட றெட்பின் இவ்வகைக்கு உதாரணம். விற்பவரின் தரகர் பங்கை ஒன்று அல்லது ஒன்றரை வீதமாகக் குறைத்து அது பெயர் பெற்றது. இத்தகைய நிறுவனங்கள் இணையத்தின் வழியே பட்டியலைக் காட்ட முயன்றபொழுது தரகர் சங்கத்தின் விதிகள் தடையாயின. அவ்விதிகளுக்கு எதிராக ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 2005இல் வழக்குத் தொடர்ந்தது. 2008இல் அது இணக்கத்தில் முடிந்தது. பட்டியலைத் திறப்பதற்கான போராட்டமே இவ்வரலாறு முழுவதிலும் அடிநாதமாக உள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

நான்காவது, உரிமையாளர் தாமே விற்றல். தரகர் சங்கத்தின் கணிப்புகளின்படி இவ்வாறு விற்பவர் இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவு. தாமே விற்போர் குறைந்த விலையே பெறுகின்றனர் என்று சங்கம் கூறிவருகின்றது. ஆனால் தாமே விற்கும் வீடுகள் வேறு வகையினவாக இருக்கலாமாதலால் இவ்வொப்பீடு நேரானதன்று. விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில், உரிமையாளர்கள் சிறு கட்டணத்துக்கு விளம்பரம் செய்யும் தளமொன்று மிகப் பரவலாக வழக்கிலிருந்தது. அங்கு நிகழ்ந்த விற்பனைகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, தரகர் வழி விற்றோர் தரகைச் செலுத்துமளவுக்குக் கூடிய விலை பெறவில்லை என்று கண்டது. ஆயின் தாமே விற்றோருக்குக் கூடிய காலம் பிடித்தது. அவருட் சிலர் முடியாது போகவே பின்னர் தரகரை நாடினர். பொதுமக்கள் யாவரும் அறிந்த பட்டியல் ஒன்று இருந்தமையாலேயே மடிசனில் இது இயன்றது. உடன்படிக்கைகளைச் சட்டத்தரணியிடம் கட்டணம் செலுத்திச் சரிபார்த்தல் இவ்வழியில் இன்றியமையாதது. அச்செலவு தரகோடு ஒப்பிடுகையிற் சிறிதே.

ஐந்தாவது, விற்றாலும் விற்காவிடினும் ஒரே கட்டணம். பிரித்தானியாவில் 2014இல் தொழிலைத் தொடங்கிய பேர்பிள்பிறிக்ஸ் இம்முறையைப் பரவச் செய்தது. கட்டணம் குறைவு, ஆனால் வீடு விற்பனையாகாவிடினும் அதனைச் செலுத்தல் வேண்டும். நட்ட அச்சம் தரகரிடமிருந்து விற்பவருக்கு இடம்பெயர்ந்தது. பெரு முதலீட்டுடன் வளர்ந்த அந்நிறுவனம் 2023இல் ஒரு பவுணுக்குக் கைமாறியமை, மலிவு என்பது மட்டுமே ஒரு முறையை நிலைநிறுத்தாது என்பதற்குச் சான்று.

மாற்று வழி போலத் தோன்றி அவ்வாறல்லாததும் ஒன்றுண்டு. நிறுவனமே வீட்டை உடன் பணத்துக்கு வாங்கி மறுவிற்பனை செய்யும் முறை அது. தரகு இல்லை என்று கூறப்படினும் சேவைக் கட்டணமும் திருத்த வேலைக் கழிவும் தரகுக்கு நிகராகவோ மேலாகவோ அமையலாம். சில்லோ நிறுவனம் 2018இல் இறங்கிய இத்தொழிலைப் பெரு நட்டத்துடன் 2021இல் கைவிட்டது. இங்கு விற்பவர் வாங்குவது விரைவு, குறைந்த செலவன்று.

இவற்றுக்கெல்லாம் புதிய சூழலை உருவாக்கியது மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகர வழக்காகும். 2023 ஒக்ரோபர் 31இல் யூரிமார் தரகர் சங்கத்துக்கும் பெரு நிறுவனங்களுக்கும் எதிராக ஏறத்தாழ 180 கோடி டொலர் நட்டஈடு விதித்தனர். 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டொலர் செலுத்தவும் விதிகளை மாற்றவும் இணங்கியது. 2024 ஓகஸ்ட் 17 முதல் கூட்டுப் பட்டியலில் வாங்குபவரின் தரகருக்கான தொகையைக் குறிப்பிடுதல் நிறுத்தப்பட்டது. பட்டியலிற் பங்குகொள்ளும் தரகர், வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுமுன் அவருடன் எழுத்து மூல உடன்படிக்கை செய்தல் வேண்டும். விற்பவர் அத்தொகையைப் பட்டியலுக்கு வெளியே வழங்கத் தடையில்லை. ஆனால் வழங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

4. மறையாத உழைப்பு

இம்மாற்று வழிகளைப் பாராட்டுவோர் பெரிதும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. தரகு குறையும்பொழுது தரகரின் உழைப்பு மறைவதில்லை. அதில் ஒரு பகுதி விற்பவரின் கூலியற்ற உழைப்பாகின்றது. அயலில் அண்மையில் விலைப்பட்ட வீடுகளை ஒப்பிட்டு விலை குறித்தல், நிழற்படம் எடுத்தல், தொலைபேசிக்கு விடையளித்தல், வருவோருக்கு வீட்டைக் காட்டல், கடன் வசதி உள்ளவரா எனச் சோதித்தல் என்பன அவை. ஓய்வு நேரமும் கல்வியும் சட்ட மொழிப் பழக்கமும் உடையவருக்கு இது எளிது. இரவுச் சேவை முடித்து வரும் தாதிக்கோ, இரு வேலை செய்யும் குடிபெயர்ந்த தொழிலாளிக்கோ எளிதன்று. எனவே தரகுச் சுமை எவர்மீது மிகக் கனமாக விழுகின்றதோ, அவரே மாற்று வழியைக் கையாள மிகக் குறைந்த வாய்ப்புடையவர். இம்முரண்பாட்டைத் தனிமனித முயற்சி தீர்க்க மாட்டாது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தரகராதல் தீர்வன்று. பட்டியல் பொதுவுடைமையாதலும், எஞ்சும் பணிகளுக்கு அவ்வப் பணியின் அளவிற் கூலி கொடுத்தலுமே தீர்வின் திசை.

5. எமது சூழலில்

இலங்கையில் நிலைமை வடிவத்தில் வேறுபட்டது. இங்கு கூட்டுப் பட்டியல் இல்லை. அது தரகரின் நினைவிலும் குறிப்புப் புத்தகத்திலும் உள்ளது. எந்த வளவு விலைக்கு வருகின்றது, வெளிநாட்டிலுள்ள எவர் வாங்க விரும்புகின்றார் என்பன ஊர், உறவு, சாதி ஆகியவற்றின் வழியே செவிவழியாகப் பரவும். தெரிந்தவருக்கு மட்டும் தெரியும் செய்தி விற்பவருக்கு நட்டம். வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அது நட்டம் மட்டுமன்று, அநீதியுமாகும்.

ஆயினும் சட்டத்தின் முன் தரகர் இன்றியமையாதவரல்லர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உரிமை மாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிட்டு அத்தாட்சிப்படுத்தப்படுதல் வேண்டும். இதுவே தேவையான கருமம். தரகருக்குக் கொடுப்பினும் கொடாவிடினும் நொத்தாரிசின் கட்டணம் நீங்காது. ஆகவே தாமே விற்க விரும்புவோர் செய்யத்தக்கன தெளிவானவை. உறுதியையும் வரைபடத்தையும் ஒழுங்குசெய்து, காணிப் பதிவகத்தில் உரிமைத் தொடரைத் தேடுவித்து, அயலில் நிகழ்ந்த விற்பனைகளை விசாரித்து விலை குறித்து, பத்திரிகையிலும் இணையத்திலும் விளம்பரம் செய்தல் அவற்றுள் முதன்மையானவை. தேசவழமைக்குட்பட்டோர் மேலும் இரண்டை மறத்தலாகாது. பிரிக்கப்படாத பங்கை விற்குமுன் ஏனைய பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்குரிய ஒழுங்கைக் கூறுகின்றது. மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. இவ்விதியின் நியாயமின்மை வேறொரு கட்டுரைக்குரியது. ஆயினும் அதனைக் கவனியாத விற்பனை பின்னர் வழக்காக முடியலாம்.

புலம்பெயர்ந்தோர் அற்றோணித் தத்துவத்தின் வழி விற்கும்பொழுது, தத்துவம் பெற்றவரும் தரகரும் வாங்குபவரும் ஒரே வட்டத்தினராக இருப்பின், விலை எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை விற்பவர் அறியார். தன் பிறந்த ஊரிலேயே அவர் அந்நியராகின்றார். தத்துவத்தில் ஆகக்குறைந்த விலையைக் குறிப்பிடுதலும், தரகு எவ்வளவு, எப்பொழுது, எவரால் செலுத்தப்படும் என எழுதிக்கொள்ளுதலும் எளிய, செலவற்ற பாதுகாப்புகள்.

கூட்டு முயற்சிக்கும் முன்னுதாரணம் உண்டு. ஸ்கொற்லாந்தின் எடின்பரோ நகரில் சட்டத்தரணிகள் 1971ஆம் ஆண்டு கூட்டாக ஒரு வீட்டு விற்பனை நிலையம் அமைத்தனர். தம்மிடம் விற்பனைக்கு வரும் வீடுகள் யாவற்றையும் ஒரே இடத்தில் மக்களுக்குக் காட்டினர். எமது ஊர்களிற் சனசமூக நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. வாசிகசாலை மேசையில் ஒரு திறந்த பதிவேடு, விற்பனைக்குள்ள வீடு காணிகளின் விபரம், சிறிய நிலையான கட்டணம் என்பன போதும். பெரு முதலீடு எதுவும் வேண்டியதில்லை. பதிவேடு எவரும் வந்து பார்க்கத்தக்கதாக இருத்தல் ஒன்றே நிபந்தனை. அந்நிபந்தனையை ஏற்கும் மனநிலை எமது ஊர்களில் உண்டா என்பதே மெய்யான சோதனை.

வீடு பண்டமாக இருக்கும்வரை விற்பனைச் செலவும் இருக்கும். குடியிருப்புப் பிரச்சினையை முதலாளித்துவத்துள் தனித்தனிச் சொத்துடைமையாற் தீர்க்கவியலாது என எங்கெல்ஸ் 1872ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் வாதிட்டமை இன்றும் பொருந்துவதே. தரகைக் குறைத்தல் அப்பிரச்சினைக்கு விடையன்று. ஆயினும், ஒரு குடும்பத்தின் சேமிப்பில் நான்கில் ஒரு பங்கு வாயிற் சுங்கமாகச் செல்வதைத் தடுத்தல் சிறு கருமமன்று. அவ்வாயிலைக் காப்பது பட்டியல் எனின், அப்பட்டியலைப் பொதுவாக்குவதே நாம் முதலிற் செய்யவேண்டியது.